மூன்று மணிக்கு மேல் வராத பெயர்கள்

தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. மயிலாப்பூரில், குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் நடந்தது. மழைக்காலம் முடிகிற, மார்கழி பிறக்கப் போகிற சமயம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த ஒருவர், எந்த சபாவில் யார் கச்சேரி என்று டெலிபோனில் பேசியே என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். புகுந்த வீடு மேற்கு மாம்பலம். தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்து, கேட்பவர்களுக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த மருமகள் என்று வீட்டில் ஏக மரியாதை. கிரைண்டர் நின்றுபோனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் ஏதோ தெரிந்த மாதிரி போய்த் தட்டிப் பார்ப்பேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த நர்ஸிங் ஹோமை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. நோயாளிகளின் விவரங்களைப் பதிந்து வைக்க நான்தான் அங்கிருந்த கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் எழுதியிருந்தேன். அது நன்றாக ஓடவே, அவருக்கு அடுத்த ஆசை வந்தது. அடையாறில் ஒரு பெரிய ரத்த வங்கி. தங்களிடம் ரத்தம் கொடுத்தவர்கள், பரிசோதித்துக்கொண்டவர்கள் எல்லாருடைய பழைய ரிஜிஸ்டர்களையும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். உறுப்பினராகச் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் டெலிபோன் வழியாகவே அந்த டேட்டாபேஸில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ப்ரோகிராமை அதோடு இணைக்க வேண்டியது என் பொறுப்பு.

இதற்காக மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. டெலிபோன் ஒயரை அதில் செருகினால் அதுவே அடையாறுக்கு டயல் செய்யும். கீச்சென்று கத்தும். அந்தப் பக்கத்துப் பெட்டியும் பதிலுக்குக் கத்தும். இரண்டும் கத்தி முடித்துச் சமாதானமானால், எங்கள் ப்ரோகிராம் நோயாளியின் பெயர், இனிஷியல், பிறந்த வருஷம் மூன்றையும் அனுப்பும். மூன்றும் பொருந்தினால் அந்த ஆளின் பழைய பதிவு திரையில் வந்துவிடும்.

இங்கே நான் ஒரு சோம்பேறித்தனம் செய்திருந்தேன். நடுவில் லைன் அறுந்துபோனாலும் சரி, அடையாறில் அந்தப் பெயரே இல்லாவிட்டாலும் சரி, திரையில் 'பதிவு இல்லை' என்று ஒரே வாசகம் வரும்படி எழுதிவிட்டேன். இரண்டுக்கும் தனித்தனியாக எழுத அரை நாள் கூடுதலாக ஆகியிருக்கும். எப்படியும் இல்லை என்பது இல்லைதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் மருந்துக் கடையில் இருந்தவரின் பெயரைப் போட்டுப் பார்த்தோம். அவர் வருஷா வருஷம் ரத்தம் கொடுப்பவர். அவருடைய பதிவு வரி வரியாக வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா கேசரி வரவழைத்தார். நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரமே குழப்பம் ஆரம்பித்தது. வருகிற நோயாளிகள் எல்லாருடைய பெயரும் அடையாறில் இருக்கப் போவதில்லை. பத்துப் பேரில் இரண்டு பேருக்குப் பதிவு இருந்தாலே அதிகம். அது எனக்குத் தெரியும். ஆனால் காலையில் அந்த இரண்டும் ஒழுங்காக வந்தன. மதியம் மூன்று மணிக்கு மேல் யார் பெயரைப் போட்டாலும் 'பதிவு இல்லை'. அதே கம்ப்யூட்டர், அதே மோடம், அதே ப்ரோகிராம். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிற மெஷினை நான் அதுவரை கண்டதில்லை.

இன்னும் தலையைச் சுற்ற வைக்கிற மாதிரி இரண்டு விதிவிலக்குகள். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன வயது நர்ஸின் பெயரைப் போட்டால் டக்கென்று பதிவு வந்தது. இன்னொரு நாள் பிரசவத்துக்காகக் காட்ட வந்த ஒரு பெண்ணின் பெயரும் வந்தது. ஏன் இவை வந்தன, மற்றவை ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் நேரம், வெயில், மழை எல்லாம் எழுதிப் பார்த்தேன். கரண்ட் கூடக் குறைய வருகிறதா என்றுகூடப் பார்த்தாயிற்று. ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர்தான் மாடியில் இருந்த மாமா. டாக்டரம்மாவின் கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழே இருக்கும் அதே டெலிபோன் லைனுக்கு மாடியிலும் ஒரு இணைப்பு உண்டு. மதியத் தூக்கம் முடிந்து, மூன்று மணிக்கு மேல்தான் அவர் நண்பர்களுக்குப் போன் செய்ய ஆரம்பிப்பார். நாங்கள் டேட்டா வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் மேலே ரிசீவரை எடுத்தால் லைன் அறுந்துபோகும். கணக்கு அச்சாகப் பொருந்தியது.

மாடிக்குப் போய், மூன்றிலிருந்து ஐந்து வரை போனைத் தொடக் கூடாது என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன தொனி எப்படி இருந்ததோ தெரியாது. அவர் கோபப்படவில்லை.

"நானே கேக்கணும்னு இருந்தேம்மா. எடுத்தா சுருதி சேராத நாகஸ்வரம் மாதிரி ஒண்ணு காதுக்குள்ள பிளிர்றதே, அது நீதானா?" என்றார்.

அன்றிலிருந்து அவர் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போக ஆரம்பித்தார். வரிசையில் நின்று, கையில் கச்சேரி நிரலை வைத்துக்கொண்டு, நண்பர்களோடு பேசிவிட்டு வருவார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மணிக்கு மேல் பெயர்கள் அப்போதும் வரவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கோட்டூர்புரம் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணி வந்தாள். என்னைவிடச் சின்னவள். கூட அவளுடைய அம்மா. குழந்தை குறுக்கே கிடந்ததால் நாளை மறுநாள் காலை ஆபரேஷன் என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். இங்கே பார்த்ததில் அவளுடைய ரத்தம் ஓ குரூப் என்று வந்திருந்தது. ஆனால் அந்த அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அழாத குறையாக நின்றார்.

"இவளுக்கு பத்து வயசுல குடல் ஆபரேசன் பண்ணாங்கோ மேடம். அப்பவே அந்த டாக்டரு சொன்னாரு, கண்ட ரத்தமும் இவளுக்கு ஏத்தக் கூடாதுன்னு. ரத்தத்த அடையாறுக்கு அனுப்பிச்சுப் பாத்துட்டு ஒரு சீட்டு குட்தாரு. ஆத்துல தண்ணி ஏறி வந்தப்போ பொட்டியோட அதுவும் பூடுச்சு. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எங்களுக்குப் படிக்கத் தெரியல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தானே உன்னை இணைக்கச் சொன்னேன். பார்த்துச் சொல்லு."

இந்தத் தடவை நான் மிகவும் கவனமாக இருந்தேன். மாமா பூத்துக்குப் போய்விட்டதை உறுதி செய்துகொண்டேன். மோடம் கத்தி முடித்துச் சமாதானமாகும்வரை காதைக் கொடுத்துக் கேட்டேன். அந்தப் பெண் சொன்ன பெயரையும் இனிஷியலையும் போட்டு மூன்று தடவை தேடினேன். மூன்று தடவையும் 'பதிவு இல்லை'. லைனில் கோளாறே இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அவங்ககிட்ட இல்லவே இல்லை மேடம்."

அந்த அம்மாவுக்கு ஏதோ தப்பாக ஞாபகம் இருக்கிறது என்று எல்லாரும் முடிவு செய்தோம். ஓ குரூப் ரத்தம் இரண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அந்தப் பெண்ணை அட்மிட் செய்ய அழைத்து வந்தார்கள். முன்னால் ரிசப்ஷனில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லாரும் அவரை அக்கா என்போம். பழைய பாணியில் பெரிய நோட்டில்தான் எழுதுவார். என் கம்ப்யூட்டரை அவர் அவ்வளவாக மதித்ததில்லை. அதனால் நானும் அவரை அவ்வளவாக மதித்ததில்லை. நான் உள்ளே மோடத்தைக் குடைந்துகொண்டிருந்தேன். வெளியே அவர் பெயர் கேட்பது காதில் விழுந்தது. அம்மா பெயரைச் சொன்னார். இனிஷியல் என்று கேட்டதும் 'கே' என்றார். உடனே பெண் குறுக்கிட்டாள்.

"யம்மா, இன்னும் அப்பா பேரையே சொல்லிக்கினு கீறியே. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சு. 'எம்'னு சொல்லு."

"அட ஆமாம்பா, வாய்ல அதான் வருது" என்று அம்மா சிரித்தார்.

அக்காவும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எழுதுவதை விட்டுவிட்டு, நோட்டோடு எழுந்து உள்ளே வந்தார்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. உன் மிஷினுக்குக் கல்யாணமான பொம்பளைங்கன்னா ஆகாதா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் நோட்டைப் பிரித்து விரலை வைத்துக் காட்டினார். காலையில் வெளியிலிருந்து வருகிற சர்ஜன் பார்ப்பது பெரும்பாலும் ஆம்பிளைகளை. மூன்று மணிக்கு மேல் டாக்டரம்மா பார்ப்பது கர்ப்பிணிகளை. அவர்கள் ரத்தம் பரிசோதித்ததோ கொடுத்ததோ, பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால்; அப்போது அப்பாவின் இனிஷியல். இங்கே வந்து சொல்வது புருஷனின் இனிஷியல். நாலு மணிக்கு வந்த அந்த நர்ஸ், கல்யாணமாகாத பெண். பதிவு வந்த அந்த ஒரே கர்ப்பிணி?

"அவளுக்கு அப்பா பேரும் எஸ், வூட்டுக்காரர் பேரும் எஸ். அவளே சொன்னா, மாத்திக்கிற வேலை மிச்சம்னு" என்றார் அக்கா.

மெஷின், ஒயர், மாமா, மழை, கரண்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேனே, இது தோன்றவில்லையே! இத்தனைக்கும் ஒரு வருஷத்துக்கு முன்னால் 'வி' என்ற இனிஷியலை விட்டு 'ஆர்' என்று மாறியவள் நான். புதிதில் பழைய கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடித்து எழுதி, பேங்கில் திட்டு வாங்கியவள். புதுக் கையெழுத்து கையில் படிய மூன்று மாதம் ஆயிற்று. அப்படிப்பட்ட நான் எழுதிய ப்ரோகிராமில், ஒருவருக்குப் பிறந்ததிலிருந்து ஒரே இனிஷியல்தான் என்று வைத்திருந்தேன்.

'கே' என்று அடித்துத் தேடினேன். மோடம் டயல் செய்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் வந்தது: 'பதிவு இல்லை'.

அந்த நிமிஷத்தை என்னால் மறக்கவே முடியாது. அக்கா சொன்னது தப்பா? இல்லை, லைன் அறுந்துவிட்டதா? எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடி எழுதியவளும் நானே. அரை நாள் வேலையை மிச்சம் பிடித்ததற்குப் பலனை அனுபவித்தேன். மோடம் கத்தியதா என்று யோசித்தேன். பதற்றத்தில் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் எங்கேயோ பள்ளத்தில் தண்ணீர் இறங்கி, தெருவுக்கே டெலிபோன் செத்துப்போயிருந்தது. பத்து நாளாக நான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த லைன், நிஜமாகவே அன்றைக்குத்தான் போனது.

"உக்காந்து அத முறைச்சா ஆகுமா? நீயே போய்ட்டு வா" என்று அக்கா ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும், இரண்டு இனிஷியல்களையும், பிறந்த வருஷத்தையும் எழுதிக் கையில் திணித்தார். ஆட்டோவில் ஏறினேன். மந்தைவெளி தாண்டி, அடையாறு பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதே தண்ணீர்தான் அந்தச் சீட்டைக் கொண்டுபோயிருக்கிறது என்று நினைத்தேன். நாளைக்குக் காலையில் ஆபரேஷன். எடுத்து வைத்திருப்பது ஓ ரத்தம். பாலத்தில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் 'கே' என்று அடித்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. பதிவு வந்து நின்றது. அவர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார்.

அந்த டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பாம்பே குரூப் என்று ஒரு அபூர்வ வகை ரத்தம் இருக்கிறது. சாதாரணமாகப் பரிசோதித்தால் ஓ மாதிரியே காட்டும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதே வகை ரத்தம்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதுதான். அவளுடைய அண்ணனுக்கும் அதே வகை என்று பதிவில் எழுதியிருந்தது.

"இந்தப் பொண்ணை நாங்க எவ்வளவு நாளா தேடறோம் தெரியுமா? அபூர்வ வகைன்னு விலாசத்தை வச்சுக்கிட்டு லெட்டர் போட்டோம். ரெண்டு தடவையும் ஆள் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு" என்றார்.

வீடே வெள்ளத்தில் போனவளுக்கு லெட்டர் எப்படிப் போய்ச் சேரும்? அவர்கள் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்; நாங்களும் அவளைத்தான் தேடினோம். நடுவில் என் ப்ரோகிராம் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அடக்க முடியவில்லை.

ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். எண்ணூர்ப் பக்கம் வேலையில் இருந்த அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். வேலை உடுப்போடு அப்படியே வந்து ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார். ரத்த வங்கியே தன் பட்டியலிலிருந்து இன்னொருவரை அழைத்து வந்தது. அண்ணன் கொடுத்த பாட்டில் தேவைப்பட்டது, இன்னொன்று தேவைப்படவில்லை. பெண் குழந்தை. தாயும் நலம்.

பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒத்துப்போகாதது எப்படியும் தெரிந்திருக்கும் என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று தெரியும். "அப்ப தெரிஞ்சா வேற ரத்தத்துக்கு எங்கே போயிருப்பீங்க?" என்று கேட்டேன்.

மாடிக்கும் போனேன். மாமாவிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ என் பேர்ல தப்பே இல்லை. பத்து நாளா அந்த பூத்துல நின்னு, பின்னாடி இருக்கறவன் முணுமுணுக்கறதக் கேட்டுண்டே கச்சேரி பேசினேன். சரி போ, அந்தக் கொழந்தைக்காகப் பேசினதா வெச்சுக்கறேன்" என்றார். அதற்கும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த வாரமே ப்ரோகிராமை மாற்றினேன். லைன் அறுந்தால் ஒரு வாசகம், பெயர் கிடைக்காவிட்டால் வேறு வாசகம். கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல் என்று புதிதாக ஒரு கட்டம். அதை நிரப்பக் கேள்வி கேட்பது அக்காவின் வேலை. "கல்யாணத்துக்கு முன்ன இன்னா இனிஷியல்?" என்று அவர் கேட்டதும் வருகிற பெண்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ரொம்ப நாளாக யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மூன்று மணிக்கு மேலும் பெயர்கள் வர ஆரம்பித்தன.

டெலிபோன் சரியான அன்று, யாரும் இல்லாத நேரத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். காலேஜில் படிக்கும்போது ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறேன். 'ஆர்' என்று போட்டேன். இல்லை. 'வி' என்று போட்டேன். உடனே வந்தேன்: பெயர், அப்பா வீட்டு விலாசம், ரத்த வகை, எல்லாம் அப்படியே. அந்தப் பெண்ணைப் போலவே நானும் அங்கேதான் இருந்திருக்கிறேன், கேட்க வேண்டிய கேள்வியை யாராவது கேட்டால் வருவதற்காக.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கம்ப்யூட்டர்களும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் திரையைப் பார்த்துவிட்டு 'உங்க பேரே இதுல இல்லம்மா' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'இல்லவே இல்லை' என்று சொன்ன அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். இன்னொரு தடவை வேறு மாதிரி கேட்டுப் பாருங்களேன் என்று மெதுவாகச் சொல்கிறேன்.